ஆயராக வேண்டுமா? சேகரத்திலிருந்து தொடங்குங்கள்

சிஎஸ்ஐ திருச்சபையில் ஆயராக விரும்பும் பலர் முதலில் காலேஜ் அட்மிஷனைத்தான் விசாரிக்கிறார்கள். அது இரண்டாவது வேலை. உங்களைத் தெரிவு செய்து படிக்க அனுப்பப்போவது திருமண்டலம். அதற்கும் முன்னால் சேகர கமிட்டி உங்களுக்காகப் பேச வேண்டும். ஸ்பான்சர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் படித்துவிட்டுக் குருப்பட்டத்துக்குக் காத்திருப்பது பெரிய ரிஸ்க்.

1. சேகரத்தில் பெயர் எடுங்கள். ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு என ஏதாவது ஒன்றை முழுப் பொறுப்பாக ஏற்று நடத்துங்கள். பெண்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். சிஎஸ்ஐ பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது.

2. அங்கீகாரத்தைப் பாருங்கள். செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை 1827-ல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் கிடைத்தது. அதன் செனட்டோடு இணைந்த பி.டி. பட்டத்துக்குத்தான் மதிப்பு. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் எல்லாம் இந்த வட்டத்தில் வருபவை. வீட்டு மாடியில் போர்டு மாட்டிச் சில மாதங்களில் 'டாக்டர்' பட்டம் தரும் இடங்களை நம்பி ஏமாறாதீர்கள்.

3. மொழிக்குத் தயாராகுங்கள். மதுரையில் தமிழிலேயே படிக்கலாம். ஆனால் நூலகத்தில் இங்கிலீஷ் இல்லாமல் ஓட்ட முடியாது. கிரேக்க, எபிரெய எழுத்துகளைச் சேரும் முன்பே பழகிவிடுங்கள். முதல் வருஷத்தில் சக மாணவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பீர்கள்.

4. பாடப் பழகுங்கள். அரசரடியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கிராமச் சபையில் நீளமான பிரசங்கத்தைவிட அது சீக்கிரம் போய்ச் சேரும்.

5. பட்டம் வாங்கியதும் அங்கி கிடைத்துவிடாது. மூத்த ஆயரிடம் பயிற்சி, பிறகு டீக்கன், அதன் பிறகே ஆயர். டீக்கனாக இருக்கும்வரை திருவிருந்தை நீங்கள் நடத்த முடியாது. உங்கள் மேல் எல்லோர் கண்ணும் இருக்கும் காலம் இதுதான். சாவு வீட்டுக்கு முதலில் போங்கள். போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை நீங்களே எழுதப் பழகுங்கள். திருமணப் பதிவு 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. மணமகள் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அந்தக் குடும்பம் பாஸ்போர்ட் ஆபீஸில் அலையும். கணக்கு நோட்டையும் அன்றன்றே முடியுங்கள். பதிவேடு சுத்தமாக இருக்கும் ஆயரைக் கமிட்டி மதிக்கும்.

சம்பளம் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். டிரான்ஸ்ஃபரும் நிச்சயம் வரும். இரண்டையும் பற்றி வீட்டில் பேசி முடித்துவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.