தேய்க்காமல் கழுவுங்கள்: லோடு வண்டிச் சுத்தம் ஒரு துணைத்தொழில்

காய்கறி மார்க்கெட், செங்கல் சூளை, மீன் ஏலக்கூடம், கட்டட வேலை நடக்கும் இடம் என்று பொலிரோ பிக்கப்பும் தோஸ்த்தும் குட்டி யானையும் ஓடாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. காருக்கு நல்ல வாஷிங் சென்டர்கள் வந்துவிட்டன. லோடு வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் என்றால், பெரும்பாலும் தண்ணீரைப் பீய்ச்சி, சோப்புத் துணியால் நாலு இழுப்பு இழுத்து அனுப்புவதோடு சரி. ஒரு குடும்பத்தின் பிழைப்பைச் சுமக்கும் வண்டிக்கு அதைவிட நல்ல கவனிப்பு தேவை. அதைக் கொடுக்கத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமும் வருமானமாக மாறும்.

இந்த வேலையின் அடிப்படை ஒன்றுதான். அழுக்கைத் தேய்த்து எடுக்கக் கூடாது. ஊறவைத்து, இளக்கி, தண்ணீரோடு இறக்கிவிட வேண்டும். லோடு வண்டியின் பெயின்ட் மேல் ஒட்டியிருப்பது எம்-சாண்டும் செங்கல் தூளும். அதன் மேல் துணியை அழுத்தினால் உப்புத்தாள் போட்ட மாதிரி கோடு விழும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைத் தவிர்ப்பதற்குத்தான்.

வாங்க வேண்டியவை

வீட்டு உபயோகப் பிரஷர் வாஷர் ஒன்று. 100 முதல் 130 பார் அழுத்தம் போதும். பேரலிலிருந்து தானே தண்ணீரை இழுக்கும் மாடலாகப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் செலவாகும் என்று வைத்தால், 20 நிமிட ஓட்டத்துக்கு 120 லிட்டர். பக்கெட் தண்ணீரையும் சேர்த்து 200 லிட்டர் பேரல் ஒன்றில் ஒரு வண்டி முடிந்துவிடும்.

இரண்டு பக்கெட், கையுறை போன்ற இரண்டு வாஷ் மிட், கார் ஷாம்பு, நுரை தெளிப்பான், சக்கரத்துக்குத் தனி பிரஷ், மைக்ரோஃபைபர் துணிகள், வேக்ஸ். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். பெயின்ட் மேல் இருக்கும் வேக்ஸைப் பிடுங்கிவிடும். ஈரத்தில் நின்று மின்சாரத்தில் வேலை செய்கிறோம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு பிரேக்கர்) உள்ள இணைப்பில் மட்டும் மெஷினை மாட்டுங்கள்.

படி 1: சுற்றிப் பாருங்கள்

உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வாருங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், நசுங்கல், பட்டி போட்ட இடம், துருவேறிய ஓரம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பிறகு வரும் வாக்குவாதத்தை இது தடுக்கும். பின்கதவில் பெயின்டர் கையால் எழுதிய பெயரும் சாமி படமும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் தின்னரோ மண்ணெண்ணெயோ படக்கூடாது.

படி 2: நிழலும் ஆறிய சக்கரமும்

வெயிலில் ஷாம்பு காய்ந்து திட்டாகிவிடும். நிழலில் நிறுத்துங்கள். ஓட்டம் முடிந்து வந்த வண்டியின் பிரேக்கும் இன்ஜினும் ஆறட்டும்.

படி 3: தொட்டியும் அடிப்பாகமும்

முதலில் லோடு ஏற்றும் தொட்டியைக் காய்ந்த நிலையிலேயே பெருக்குங்கள். மண்ணும் சிமென்ட்டும் நனைந்தால் வேலை இரட்டிப்பாகும். மூலைகளிலும் பின்கதவுக் கீல்களிலும் தங்கிய அழுகல் இலைகளைக் கையால் எடுங்கள். மீன் ஏற்றும் வண்டியாக இருந்தால், தொட்டியின் இடுக்குகளிலும் அதன் அடியிலும் நல்ல தண்ணீரை நிறையவே விடுங்கள். உப்பு நீர் தங்கிய இடத்தில்தான் துரு தொடங்குகிறது.

அடுத்து மட்கார்டின் உள்பக்கம், சேஸ், சக்கரங்கள். சக்கர பேரிங் சீல், ரேடியேட்டர், மின் இணைப்புகள், ஏர் ஃபில்டருக்குக் காற்றிழுக்கும் வாய் ஆகியவற்றில் நேராகப் பீய்ச்ச வேண்டாம். சேஸுக்கு டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள்; அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணையும் இழுத்து ஒட்டவைக்கும்.

படி 4: நுரை

பாடியில் நுரை தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். காய விடாதீர்கள். பிறகு ஓரடி தூரத்தில் நாசிலைச் சாய்வாகப் பிடித்து, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பின் ஓரத்தில் நாசிலை நெருக்கினால் டேப் பிய்ந்து வரும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அந்த டேப் இருந்தே ஆக வேண்டும்.

படி 5: கைக் கழுவல்

ஒரு பக்கெட்டில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியை நேர்கோட்டில், அழுத்தாமல் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் அலசிய பிறகே மறுபடி ஷாம்புவில் விட வேண்டும். ஒரு கதவு முடிந்ததும் அலசும் பக்கெட்டின் அடியைப் பாருங்கள்: மெல்லிய மணல் படிந்திருக்கும். ஒரே பக்கெட்டாக இருந்தால் அந்த மணல் அடுத்த கதவைக் கீறியிருக்கும். வரிசை: கூரை, கண்ணாடி, பானெட், கதவு. சேறு அதிகம் படும் கீழ்ப்பகுதி கடைசியில், இரண்டாவது மிட்டால்.

படி 6: விடாப்பிடிக் கறைகள்

தாருக்குத் தார் ரிமூவரைத் துணியில் எடுத்து ஒற்றி, இளகியதும் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பறவை எச்சத்தையும் காய்ந்த சந்தனம், குங்குமத்தையும் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். சிமென்ட் தெறித்த இடத்தில், தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைப் போட்டு, இளகியதை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் பக்கமே போக வேண்டாம். உலோகத்தையும் குரோமையும் அரித்துவிடும்.

பெயின்ட் சுத்தமாகிவிட்டதா என்று அறிய, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் ஷாம்பு நீர் தெளித்து, களிமண் போன்ற கிளே பாரை ஓட்டுங்கள்.

படி 7: துடைப்பு, வேக்ஸ்

போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கழுவிய கையோடு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் வேக்ஸை மெலிதாகப் பூசித் துடையுங்கள். டயர் பாலிஷைப் பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டும். தரையில் படும் இடத்தில் பட்டால் வழுக்கும். வண்டியைக் கொடுக்கும்போது, பிரேக்கை மெதுவாக நாலைந்து முறை அழுத்தி ஓட்டிப் பார்த்து ஈரத்தைப் போக்கச் சொல்லுங்கள்.

கூலிக் கணக்கு

பக்கத்துக் கடை விலையைக் கேட்டு அதில் ஐம்பது குறைப்பது கணக்கு ஆகாது. உதாரணத்துக்கு: மூன்று மணி நேர உழைப்புக்கு மணிக்கு 120 வீதம் 360 ரூபாய். ஷாம்பு, வேக்ஸ் 80. தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து 60. கருவிகளுக்குப் போட்ட 15,000 ரூபாயை 150 வண்டிகளுக்குப் பகிர்ந்தால் வண்டிக்கு 100. ஆக 600 ரூபாய். லாபம் இதற்கு மேல்தான். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு இதே கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள்.

சிறுதொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்; உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தாதீர்கள். அதற்கான இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் கலந்த கழிவுநீரை ஏரி, வாய்க்கால் பக்கம் விட வேண்டாம்.

வண்டிகள் எங்கிருந்து வரும்?

ஆயுதபூஜைக்கு முந்தைய வாரம் நிற்க நேரமிருக்காது. எஃப்.சி. நாள் இன்னொரு வாய்ப்பு: புது லோடு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளரின் எஃப்.சி. தேதியைக் குறித்துவைத்து, முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

ஆனால் தொழிலைத் தாங்குவது மாதாமாதம் வரும் வண்டிதான். ஓட்டுநருக்கு ஒரு டிரிப் தவறினால் நஷ்டம். அதனால் ஓட்டமில்லாத நேரத்தில், அவர் வண்டி நிற்கும் இடத்துக்கே போய்ச் செய்து கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொடுங்கள். வேக்ஸ் பூசிய வண்டியில் அடுத்த முறை சேறு சுலபமாக இறங்கும், உங்கள் நேரமும் குறையும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மாத வாடிக்கையாளருக்குக் கூலியில் குறைத்துக் கொடுத்தால், அவரே ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார்.