அருகிவரும் கெலிசா மீனைக் காப்போம்



நம் பள்ளி மாணவன் ஒருவன் கண்ணாடித் தொட்டியில் ‘ராஜா’ மீன் ஒன்றை வளர்த்து வந்தான். விரலளவில் வாங்கிய மீன், ஒரு சாண் நீளம் வளர்ந்து, உடனிருந்த மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டது. “பாவம் ஐயா, இதை ஓடையில் விட்டுவிடட்டுமா?” என்று கேட்டான். அவனுக்கு நாம் கூறிய விடையை ஈண்டு அனைவருக்கும் கூறுகின்றோம்.

நம் நாட்டின் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் அரிய நன்னீர் மீன் கெலிசா. பேரா மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரி, பொன்னிறக் கெலிசாவுக்குப் பெயர் பெற்றது. இம்மீன் ஏறத்தாழ 90 செண்டிமீட்டர் வரை வளரும். பெண்மீன் இடும் முட்டைகள் சில பத்துகளே. அவற்றை ஆண்மீன் தன் வாயில் ஏந்தி, ஏறக்குறைய இரண்டு மாதம் காக்கும். தந்தையின் கடமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அழகுக்காகப் பிடித்து விற்றதாலும், சதுப்பு நிலங்கள் அழிந்ததாலும் கெலிசா அருகிப் போயிற்று. இயற்கை நீர்நிலையில் பிடித்த கெலிசாவை நாடுவிட்டு நாடு விற்பதை, 1975ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை தடுக்கின்றது. பதிவுபெற்ற பண்ணைகளில் வளர்த்தவற்றையே அவ்வாறு விற்கலாம்.

இத்துன்பங்கள் போதாவென்று, அயல் மீன்களும் நம் நீர்நிலைகளில் புகுந்துள்ளன. ராஜா மீனின் தாயகம் தென் அமெரிக்கா. இன்று பேராவின் பழைய ஈயக் குட்டைகளிலும் அது வாழ்கின்றது. கெலிசா சில பத்து முட்டைகளை இடுகையில், ராஜாவோ ஆயிரக்கணக்கில் இடும். சிறு மீன்களையும் குஞ்சுகளையும் வேட்டையாடும். பனாமா நாட்டுக் காத்தூன் ஏரியில் 1967ஆம் ஆண்டளவில் இம்மீன் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள், அங்கு மலிந்திருந்த உள்நாட்டு மீன்கள் பல காணாமற் போயின.

தொட்டியைத் துப்புரவு செய்வதால் ‘பண்டாராயா’ எனப் பெயர் பெற்ற மீனும் தென் அமெரிக்காவினதே. அது கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, கரைகளைக் குடைந்து வாழ்கின்றது. தன்னார்வலர்கள் வலை வீசி அதனை அகற்றி வருகின்றனர்.

“தம்பி, தொட்டியில் நிகழ்ந்தது ஓடையிலும் நிகழும். ஓடை ஆற்றில் சேரும். ஒரு மீனுக்கு நீ காட்டும் இரக்கம், பல மீன்களுக்குக் கேடாகலாம்” என்றோம். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தான்.

மாணவர்களே, வளர்ப்பு மீனை ஓடையிலோ குட்டையிலோ விடாதீர். வளர்க்க இயலாவிடில் கடையில் ஒப்படையுங்கள். வாங்குமுன், அது எவ்வளவு பெரிதாக வளரும் எனக் கேட்டறியுங்கள். பெற்றோர்களும் இதனைக் கருத்திற்கொள்வார்களாக.

பயிற்சி:
1. கெலிசாவின் முட்டைகளைக் காப்பது எது? எவ்வாறு?
2. கெலிசா அருகியதற்கு இரு காரணங்கள் கூறுக.
3. உம் வீட்டருகே ஓடும் ஓடை எந்த ஆற்றில் சேர்கின்றது? பெரியோரிடம் கேட்டு எழுதுக.