நடுக்குவாதமும் மருந்து வேளையும்

குபேர் அங்காடி என்னும் பெயர் இருப்பினும், புதுச்சேரி மக்கள் நாவில் அது என்றும் பெரிய மார்க்கெட்டே. மீனும் பூவும் காய்கனியும் குவிந்த சந்துகளைக் கடந்து நாட்டு மருந்துக் கடையை அடைந்தால், பூனைக்காலி விதை கேட்டு வாங்கலாம். எம் பாட்டனார் அதன் பொடியைப் பாலிற் கலந்து நாடோறும் உண்டு வந்தார். நடுக்குவாதத்துக்கு மருத்துவர் தந்த மாத்திரையையும் விடவில்லை. சில திங்களில் அவர் கையும் கழுத்தும் தாமே நெளியத் தொடங்கின. நோய் முற்றிற்றென்றே யாம் அஞ்சினோம். செவிலியர் கல்வி பயிலும் எம் தமக்கையார்தாம், "தாத்தா, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று வினவினார். அதுகாறும் ஒருவரும் வினவிற்றிலர், யாமும் வினவிற்றிலேம்.

பூனைக்காலி விதையினின்று லெவோடோபா என்னும் பொருளைச் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் 1937-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்தனர். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விளக்கிய இந்நோய்க்கு அப்பொருளே சிறந்த மருந்தென்பது 1960-களிலேதான் தெளிவாயிற்று. நோயாளியின் மூளையிற் குன்றிய டோபமினை அஃது ஈடுசெய்கின்றது. அளவு மிகின் வேண்டா அசைவுகளைத் தருகின்றது. பாட்டனார் ஒரே மருந்தை இரு வழியில் உண்டார் என்பது அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. மாத்திரைக்கு அளவுண்டு, ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு உளதென்று யார் அறிவார்?

நிற்க. தமக்கையாரின் ஆசிரியை மேசைமேல் ஒரு கடிகாரத்தை வைத்தே இப்பாடத்தைத் தொடங்கினாராம். வார்டில் எல்லார்க்கும் எட்டு மணிக்கு மருந்து வழங்கலாம். இந்நோயாளியின் வேளை ஆறு மணியாயின் ஆறுக்கே கொடுத்தல் வேண்டும். தாழ்த்தால் உடல் விறைக்கும், விழுங்குதலும் அரிதாகும். விழுங்க இயலாதவர்க்குப் பின்னர் மாத்திரையை எங்ஙனம் கொடுப்பது? திடீரென முற்றும் நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் தோன்றி உயிர்க்கே இடராகலாம். மெல்லக் கரையுமாறு செய்த மாத்திரையைப் பொடித்தல் ஆகாது. பருப்பு, முட்டை முதலிய புரதவுணவு மருந்தின் வேகத்தைத் தடுக்குமாதலின், உணவுக்கு அரைமணி முன்னரே கொடுத்தல் பெரும்பாலும் நன்று. வாந்திக்கு வழக்கமாய்த் தரும் மெட்டோகுளோப்பிரமைடும், மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடாலும் டோபமினின் செயலையே தடுப்பன. அவை சீட்டிற் காணப்படின் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டல் செவிலியர் கடன்.

மருத்துவர் பொடியை ஒரே நாளில் அன்று, படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, மாத்திரையின் அளவையும் திருத்தினார். நெளிவு தணிந்தது. பாட்டனார் இப்பொழுது பெரிய மார்க்கெட்டுக்குத் தாமே நடந்து செல்கின்றார். அக்கடையைக் கடக்குந்தோறும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் உண்டு.