வட்டியைக் குறைங்க, அப்புறம் செலவைக் குறைங்க: கடன் அடைக்க ஒரு வீட்டுக் கணக்குப் பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. ஷூ கம்பெனியும் தோல் தொழிற்சாலையும் சோறு போடும் ஊர்கள் இவை. மாதம் ஏழாம் தேதி வாக்கில் போனில் எஸ்.எம்.எஸ். வரும், சம்பளம் ஏறியாச்சுன்னு. பத்தாம் தேதிக்குள் குழு டியூ, தண்டல், கைக்கடன் வட்டி எல்லாம் போக மிச்சம் பார்த்தால் மளிகைக் கடையில் மறுபடியும் கடன் எழுத வேண்டியிருக்கும்.

"இன்னும் சிக்கனமா இருக்கணும்"னு நாம் உடனே கை வைப்பது காய்கறியிலும் பாலிலும். ஆனால் பல வீடுகளில் பணம் அதிகமாகக் கசிவது சமையலறையில் இல்லை, வட்டியில். அந்தக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் அடைப்பது என்பதுதான் இந்தப் பாடம். ஒரு நோட்டு, ஒரு பேனா, உங்க போன் இருந்தால் போதும்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே அளவில் எழுதுங்க

கடன் கொடுப்பவர்கள் ஆளுக்கொரு கணக்கில் பேசுவாங்க. ஒருத்தர் "நூத்துக்கு அஞ்சு வட்டி"ன்னு சொல்வார். இன்னொருத்தர் "தினம் நூறு ரூபாய்தானே"ன்னு சொல்வார். வங்கியில் "ஆண்டுக்கு இத்தனை சதவீதம்"னு சொல்வாங்க. இப்படிக் கேட்டால் எது மலிவு, எது விலை அதிகம்னு தெரியாது. எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றினால்தான் தெரியும்.

மாத வட்டியை 12-ஆல் பெருக்குங்க. ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். மூணு வட்டி 36 சதவீதம். அஞ்சு வட்டி 60 சதவீதம்.

தண்டலில்தான் பலர் ஏமாறுவது. 10,000 ரூபாய் தண்டலுக்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவதாக வைப்போம். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே"ன்னு தோணும். ஆனால் 9,000 ரூபாய் 100 நாளும் உங்க கையில் இருப்பதில்லை, தினமும் குறைந்துகொண்டே போகுது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கு மேல் வரும்.

படி 2: ஒரு மாதிரிக் கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுப்போம். மனைவிக்கு ஷூ கம்பெனியில் பிடித்தம் போகக் கைக்கு 9,800. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சராசரியாக 10,000. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000. மொத்த வரவு 20,800 ரூபாய்.

அவங்க கடன் இப்படி இருக்கு:

• தண்டல்: இப்பத்தான் வாங்கியது. தினம் 100, மாதம் 3,000.
• கைக்கடன்: அஞ்சு வட்டிக்கு 20,000. மாதம் 1,000 வட்டி மட்டும் போகுது, அசல் அப்படியே நிக்குது.
• மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன்: பாக்கி 30,000. ஆண்டுக்கு 24 சதவீதம். மாத டியூ 2,300.
• கூட்டுறவு வங்கி நகைக்கடன்: 40,000. ஆண்டுக்கு 10 சதவீதம்னு வைப்போம். வட்டிக்கு மாதம் 350 ஒதுக்கணும்.

கடனுக்கு மட்டும் மாதம் 6,650 போகுது. வாடகை, மளிகை, பால், காஸ், கரண்ட், பள்ளிச் செலவு, பெட்ரோல், போன் ரீசார்ஜ், மருந்து எல்லாம் சேர்த்து 13,100. மிச்சம் 1,050 ரூபாய்.

படி 3: விலை அதிகமான கடனை முதலில் அடைங்க

முதல் மூணு மாதம். தண்டல் 100 நாளில் முடிஞ்சிடும். அதுவரை மாதம் 1,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்க. மூணு மாதத்தில் 3,000 சேரும். இது அவசரப் பணம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, வண்டி பஞ்சர் ஆனாலோ அடுத்த தண்டலுக்குப் போகாமல் காப்பாற்றுவது இந்த 3,000-தான். தண்டல்காரர் "அடுத்தது வேணுமா"ன்னு கேட்கும் அந்த நாள்தான் முக்கியமான நாள். அன்னைக்கு வேணாம்னு சொல்ல இந்தப் பணம் தைரியம் தரும்.

நாலாவது மாதத்திலிருந்து. தண்டலுக்குப் போன 3,000 இப்போ கையில் நிக்கும். அதோடு 500 சேர்த்து, அஞ்சு வட்டிக் கடனின் அசலில் கட்டுங்க. வட்டி 1,000-மும் சேர்த்து மாதம் 4,500. மீதி 500 அவசரப் பணத்துக்கு. முதல் மாதத்தில் அசல் 16,500 ஆகும். அடுத்த மாதம் வட்டி 825-தான். அதனால் அசலில் 3,675 கழியும். இப்படியே போனால் ஐந்தாவது மாத முடிவில் பாக்கி 660 ரூபாய்தான். ஆறாவது மாதம் கடன் தீர்ந்தது. இந்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிய வட்டி சுமார் 3,200. பழையபடி வட்டி மட்டும் கட்டியிருந்தால் ஒரு வருஷத்துக்கு 12,000 போயிருக்கும், 20,000 அசலும் அப்படியே நின்றிருக்கும்.

அதன் பிறகு. அந்த 4,500-ஐக் குழுக் கடனில் கூடுதலாகக் கட்டுங்க. மைக்ரோ பைனான்ஸ் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷத்தில் நகைக்கடன் மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு அந்த முழுப் பணத்தையும் நகையை மீட்கத் திருப்பலாம்.

கவனிங்க. இதில் யாரும் பாலை நிறுத்தலை, காயைக் குறைக்கலை. பணம் போகும் வரிசையை மட்டும்தான் மாற்றினோம்.

உங்க மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு வட்டிக்குக் கடன் கிடைத்தால் இன்னும் வேகமாக முடிக்கலாம். 20,000-க்கு மாத வட்டி 1,000-லிருந்து 200-ஆக இறங்கும். ஒரே நிபந்தனை: அந்தப் பணம் கைக்கு வந்த அன்னைக்கே பழைய கடனை அடைக்கணும். இல்லாவிட்டால் ஒரு கடன் ரெண்டாகிடும்.

கைக்கடன் அடைக்கும்போது ஒவ்வொரு முறையும் தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்க. கொடுத்த புரோநோட்டு, செக்கைத் திரும்ப வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. ஏ.டி.எம். கார்டையோ, எழுதாத பத்திரத்தில் கையெழுத்தையோ யாருக்கும் ஈடாகக் கொடுக்காதீங்க.

படி 4: கடனுக்காக வேலையை விட்டு பி.எப். எடுக்காதீங்க

கடன் நெருக்கும்போது நம்ம பக்கத்தில் சிலர் செய்வது இதுதான். வேலையை விட்டுட்டு பி.எப். கணக்கை முடித்துப் பணம் வாங்குவது, பிறகு வேறு கம்பெனியில் புதுசாகச் சேருவது. கைக்கு ஒரு தொகை வரும். இழப்பு என்னன்னு அப்போது தெரியாது.

முதலாவது, ஓய்வூதியம். பி.எப். ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டு சர்வீஸ் வேணும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் போச்சு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணணும். இரண்டாவது, பணிக்கொடை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 5 ஆண்டு வேணும். நாலு வருஷத்தில் விட்டால் அதுவும் போச்சு. மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகைக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா இருக்கணும். நடுவில் வேலை இல்லாத மாதங்கள் விழுந்தால் அந்தக் கணக்கு இடிக்கும்.

உங்க சம்பளத்தில் 12 சதவீதம் பி.எப்.-க்குப் போகுது, நிர்வாகமும் 12 சதவீதம் போடுது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். மருத்துவம், கல்யாணம், படிப்பு, வீடு போன்ற தேவைகளுக்கு வேலையை விடாமலேயே ஒரு பகுதியை முன்பணமாக விண்ணப்பிக்க வழி இருக்கு. முதலில் அதைப் பாருங்க.

இருப்பு எவ்வளவுன்னு தெரிய, யு.ஏ.என். எண்ணோடு இணைத்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்க. உமங் செயலியில் பாஸ்புக்கும் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கான்னு பார்ப்பது உங்க உரிமை.

படி 5: உரிமையாக வருவதை விடாதீங்க

• சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம். தினம் 20 ரூபாய் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பவர் 26 நாளுக்கு 520 மிச்சம் பிடிக்கலாம்.
• ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் குடும்பத்தினருக்கும் மருத்துவம் உண்டு. காய்ச்சல், இருமலுக்குத் தனியார் கிளினிக்கில் கொடுக்கும் காசைக் கணக்குப் போட்டுப் பாருங்க.
• அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. மகனுக்குத் தமிழ்ப் புதல்வன்.
• தகுதியுள்ளவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ வரும் அந்தத் தொகையில் பாதியைப் பண்டிகைக்கு வைங்க, பாதியை விலை அதிகமான கடனின் அசலில் கட்டுங்க.

படி 6: மிரட்டினால் பயப்படாதீங்க

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் என்று அதீத வட்டி வசூலிப்பதைத் தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003 தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்க.

மைக்ரோ பைனான்ஸ் வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வந்து கேட்கக் கூடாது. எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை, குடும்ப வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி அவங்க கடன் தரவும் கூடாது. புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்க. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவிக்கு 14448. கடன் செயலி மோசடி என்றால் உடனே 1930.

சேமிக்கத் தொடங்கும்போதும் கவனம் வேணும். அதிக வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்டிய காட்பாடி நிதி நிறுவனம் ஒன்றின் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு நடவடிக்கை எடுத்தது நம்ம பக்கத்துக்கு மறக்காது. தபால் நிலையத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். சீட்டு கட்டுவதானால், பதிவு செய்த சீட்டான்னு பதிவுத் துறையில் கேட்டுவிட்டுக் கட்டுங்க.

நம்ம வேலை வெளிநாட்டு ஆர்டரை நம்பியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதன் பாதிப்பைத் தோல் தொழிலும் உணர்ந்தது. ஓ.டி. இருக்கும் மாதத்தில் வரும் கூடுதல் பணத்தை வைத்துப் புதுக் கடனுக்குத் தவணை திட்டமிடாதீங்க. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுங்க. ஓ.டி. பணம் அசலுக்குப் போகட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

வீட்டில் எல்லாரும் உட்காருங்க. ஒவ்வொருத்தரும் வாங்கிய கடனை மறைக்காமல் சொல்லணும், யாரும் யாரையும் திட்டக் கூடாது. நோட்டில் நாலு கட்டம் போடுங்க: யாரிடம், பாக்கி எவ்வளவு, ஆண்டு வட்டி எத்தனை சதவீதம், மாதம் எவ்வளவு கட்டுறோம். ஆண்டு வட்டி அதிகமாக இருக்கும் வரிக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு. வரும் சம்பளத்தில் மிஞ்சும் முதல் ரூபாய் அந்த வரிக்குத்தான்.