பழைய காருக்கு ஒரு தேர்வு

ஆண்டு முடிந்தால் உங்களுக்குத் தேர்வு வருகிறது. காருக்கும் ஆண்டுதோறும் தேர்வு வைக்கும் நாடுகள் உண்டு. பிரிட்டன் அவற்றுள் ஒன்று. அங்கே ஒரு காருக்கு மூன்று வயது ஆனதும், அதை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக் கூடத்துக்கு ஓட்டிச் சென்று, சாலையில் ஓடத் தகுதியுடையது என்று சான்றிதழ் பெற வேண்டும். போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்துக்களைக் கொண்டு இதனை எம்.ஓ.டி. சோதனை என்கிறார்கள்.

இச்சோதனை 1960-ல் தொடங்கியது. அப்போது பத்து ஆண்டு ஆன கார்களுக்கு மட்டுமே தேர்வு. பிரேக், ஸ்டியரிங், விளக்குகள் ஆகிய மூன்றே பாடங்கள். தோற்ற கார்கள் மிகப் பல. எனவே 1961-ல் வயது வரம்பு ஏழாகவும், 1967-ல் மூன்றாகவும் குறைக்கப்பட்டது. பாடங்களும் பெருகின. 1968-ல் டயர்கள் சேர்ந்தன. 1977-ல் காரின் உடற்கூடும் சேர்ந்தது.

இந்தத் தேர்வுக்கு ஒரு பழைய காரை நாம் தயார் செய்வோமா? நமது மாணவர் மாரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்தச் சிறு கார் 1948-ல் வெளிவந்தது. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. நமக்கு இது அந்நியமான காரும் அல்ல. இதே மாரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையே இந்தியாவுக்கு வந்து அம்பாசடர் ஆயிற்று.

1960-ல் செய்த மைனர் ஒன்று, கொட்டகையில் இருபது ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு வயதான கார்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம். இதன் சொந்தக்காரரோ தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோக முடிவு செய்துவிட்டார். முதலில் அவர் எதைச் செய்ய வேண்டும்?

பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது உங்கள் விடையானால், கார் தோற்றுவிடும். சோதனையாளர் பளபளப்புக்கு மதிப்பெண் தருவதில்லை. அவர் கேட்கும் முக்கியமான கேள்விகள் நான்கு: கூடு தாங்குமா? கார் நிற்குமா? திருப்பிய பக்கம் திரும்புமா? பிறர் கண்ணுக்குத் தெரியுமா? ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. கூடு தாங்குமா?

ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வையுங்கள். அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்தால் தாள் தொய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்துப் பாருங்கள். பல நாணயங்களைத் தாங்கும். தாள் மாறவில்லை, வடிவம்தான் மாறியது.

மைனரின் கூடும் இந்த முறையில் அமைந்ததே. லாரிக்கு இருப்பதுபோல் கனத்த தனிச் சேஸிஸ் இதற்குக் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்துப் பெட்டி வடிவ உத்திரங்களாக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்திருக்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பகுதி அத்தகைய ஒரு பெட்டி. காரின் வலு பெரும்பாலும் இத்தகைய பெட்டிகளில்தான் இருக்கிறது.

பெட்டிக்குப் பகை துரு. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள். துருப்பிடித்தல் உண்மையில் ஒரு சிறு மின்கலத்தின் வேலை. இரும்பின் ஓரிடத்திலிருந்து எலெக்ட்ரான்கள் மற்றோரிடத்துக்குச் செல்கின்றன. ஈரம் அந்தச் சுற்றை முழுமையாக்குகிறது. ஈரத்தில் உப்புக் கலந்தால் மின்னோட்டம் எளிதாகிறது, துருவும் விரைவாகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் சக்கரங்களால் அள்ளி வீசப்பட்டு, பெட்டிகளின் இடுக்குகளுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது.

அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படிச் செய்வதில்லை. தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பிப் பொரிந்து உதிர்கிறது. அடியில் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகிறது. உள்ளிருந்து வெளியே வரும் இந்த அரிப்பு, பெயின்டில் சிறு கொப்புளம் தோன்றும் நாளில் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ஆகவேதான் சோதனையாளர் காரை மேலே தூக்கி, அடியிலிருந்து சிறு சுத்தி போன்ற கருவியால் தட்டிப் பார்க்கிறார். நல்ல தகடு ‘ணங்’ என்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், சிலவேளை பொத்துக்கொள்ளும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவை பொருத்தப்பட்ட இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பகுதிகளில் அவர் மிகவும் கண்டிப்பானவர். அங்கே துளை விழுந்திருந்தால், பட்டி பூசி மறைப்பதை அவர் ஏற்கமாட்டார். பட்டி துளையை மூடும், விசையைத் தாங்காது.

சரியான வழி என்ன? அரித்த தகட்டை, நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனமுள்ள புதிய தகட்டை வைத்து, இடைவெளியின்றி வெல்டிங் செய்ய வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில்லை வெட்டும்போது காரின் முதுகெலும்பையே வெட்டுகிறோம். எனவே கதவு வாயிலில் குறுக்குக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஒருநேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்ட வேண்டும். தவறினால் கூடு தொய்ந்துபோகும். புதிய சில் அழகாக இருக்கும், கதவு சாத்தாது!

மைனரில் ‘டிராவலர்’ என்றொரு வகை உண்டு. அதன் பின்பகுதியைத் தாங்குவது ஆஷ் மரச்சட்டம். அலங்காரம் என்று பலர் எண்ணும் அந்த மரம் கூட்டின் உறுப்பாகவே வேலை செய்கிறது. மரம் உளுத்துவிட்டால் அந்தக் கார் தேறாது.

2. கார் நிற்குமா?

ஓடும் காரில் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் அதனை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. மைனரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயிலில் அழுத்தம் உண்டாகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் குழாய்களின் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகச் சென்று, ஷூக்களை டிரம்மோடு அழுத்துகிறது.

ஓடாமல் கிடந்த காரில் இந்த அமைப்புதான் முதலில் கெடும். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்ற வகைக்கு வகுத்த தரம், புதிதில் கொதிநிலை 205 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்கிறது. ஈரம் ஏறியபின் அதே தரம் 140 டிகிரியை ஒப்புக்கொள்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகலாம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அப்போது மிதி தரைவரை போகும், கார் நிற்காது. மேலும் அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளே துருப்பிடிக்கச் செய்து, ரப்பர் வாசர்களைக் கெடுக்கிறது. இக்காருக்கு ஒரே ஆயில் சுற்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் மிதி பிரேக் முழுவதும் போய்விடும். ஆகவே பழைய ஆயில், ரப்பர்கள், துருவேறிய குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுவதே முறை.

சோதனைக் கூடத்தில் சக்கரங்களை இரட்டை உருளைகளின்மேல் நிறுத்துவார்கள். உருளை சக்கரத்தைச் சுழற்றும்போது பிரேக் போட, அது எவ்வளவு விசையுடன் எதிர்க்கிறது என்று கருவி காட்டும். நான்கு விசைகளையும் கூட்டி, காரின் எடையால் வகுத்தால் பிரேக்கின் திறன் கிடைக்கும். மைனர் போன்ற காருக்கு மிதி பிரேக்கில் 50 சதவீதம் வேண்டும். ஒரே சுற்றுள்ள காராதலால் கைப்பிரேக்குக்கு 25 சதவீதம் வேண்டும்.

50 சதவீதம் என்றால் என்ன? புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி, அதாவது விநாடிக்கு விநாடி 4.9 மீட்டர் எதிர்முடுக்கம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தது. எனவே 193 ÷ 9.8, ஏறக்குறைய 20 மீட்டர். வேகம் 100 கிலோமீட்டரானால் தூரம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 79 மீட்டர் ஆகும். ஓட்டுநர் மிதியில் கால் வைப்பதற்குள் ஓடிய தூரம் தனி.

மொத்தத் திறன் மட்டும் போதாது. காரின் எடை 750 கிலோகிராம் என்று கொள்வோம். முன்சக்கரங்களின் பிரேக் விசை இடப்பக்கம் 120, வலப்பக்கம் 80. பின்சக்கரங்களில் தலா 95 கிலோகிராம் எடை. மொத்தம் 390. திறன் 52 சதவீதம். தேறிவிட்டதா? இல்லை. முன்சக்கர விசைகளின் வேறுபாடு 40. பெரியதோடு ஒப்பிட்டால் 33 சதவீதம். அங்கே 30 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கூடாது. இந்தக் கார் பிரேக் போட்டவுடன் இடப்பக்கம் இழுக்கும். வலச்சக்கரத்தில் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதியோ காற்றுப் பம்பினாலோ தூளைப் பறக்கவிடக் கூடாது.

3. திருப்பிய பக்கம் திரும்புமா?

மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான பின்னின் அடிமுனையில் திருகுமரை உண்டு. அது ‘டிரனியன்’ எனும் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்தோறும் இந்த மரைகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும். நடுவே கிரீஸ் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. கிரீஸ் வற்றினால் மரை தேயும். முற்றிலும் தேய்ந்த ஒருநாள் பின் கட்டையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சக்கரம் மடிந்து கார் தரையில் சாயும். மைனர் வைத்திருப்பவர்கள் மிகவும் அஞ்சும் பழுது இது. இதைத் தடுக்க, குறித்த காலத்தில் கிரீஸ் கன்னால் நாலு அழுத்து அழுத்தினால் போதும்!

சோதனையாளர் காரை உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்ப்பார். அளவுக்கு மீறிய ஆட்டம் இருந்தால் கார் தேறாது. டயரையும் பார்ப்பார். நடுப்பகுதியில், அகலத்தின் முக்கால் பங்குக்கு, பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மழைநீரை வெளியேற்றுபவை அப்பள்ளங்களே.

4. பிறர் கண்ணுக்குத் தெரியுமா?

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் பாட்டரியிலிருந்து ஒரே கம்பிதான் போகிறது. மின்னோட்டம் திரும்பி வரும் வழி காரின் உடல். அந்த இணைப்பில் துருவேறினால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் 6 ஓம் மின்தடையுள்ள விளக்கில் 2 ஆம்பியர் ஓடும். திறன் 24 வாட். துரு 2 ஓம் தடையைச் சேர்த்தால் ஓட்டம் 1.5 ஆம்பியர், விளக்குக்குக் கிடைப்பது 13.5 வாட். சூட்டுக்கேற்ப இழையின் தடை மாறுவதை இங்கே விட்டுவிட்டோம். இருந்தாலும் ஒன்று தெளிவு: விளக்கு எரியும், ஆனால் மங்கும். பல்பை மாற்றிப் பயனில்லை. இணைப்பைச் சுரண்டித் துடைத்து இறுக்க வேண்டும்.

தேறிய பிறகு

வயதுக்கு ஏற்ற கேள்விகளையே இத்தேர்வு கேட்கிறது. புதிய கார்களின் புகையைக் கருவியால் அளப்பார்கள். 1975 ஆகஸ்டுக்கு முன் ஓடத் தொடங்கிய கார்களுக்குப் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஆனால் பிரேக், ஸ்டியரிங், கூடு ஆகியவற்றின் அடிப்படைக் கேள்விகளிலிருந்து முதுமை தப்பமுடியாது.

இப்போது அந்தச் சலுகைக்கு வருவோம். 2018 மே மாதம் முதல் பிரிட்டனில், 40 ஆண்டுகள் கடந்த, பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத கார்கள் ஆண்டுச் சோதனைக்குப் போகவேண்டியதில்லை. நமது மைனரும் போகாமலே ஓடலாம். ஆனால் தகுதியற்ற காரைச் சாலையில் ஓட்டுவது அங்கே இன்றும் குற்றமே. தேர்வுதான் போயிற்று, பொறுப்பு போகவில்லை. முன்பு சோதனையாளர் கேட்ட கேள்விகளை இனிச் சொந்தக்காரரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் பெற்றவரும் ஒன்றை மறக்கலாகாது: அது சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். மறுநாளும் துரு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

நம் நாட்டில் சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும், தகுதிச் சோதனை செய்தபின்பே பதிவைப் புதுப்பிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அல்லது தெருவில் பழைய வண்டி எதுவும் இருந்தால், அடுத்தமுறை அதன் பெயின்டைப் பார்க்காதீர்கள். பெரியவர் ஒருவரின் துணையோடு குனிந்து அடியைப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் கீழே எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள்.

செய்து பாருங்கள்

(1) மூன்று இரும்பு ஆணிகளை எடுத்து, ஒன்றை உலர்ந்த மூடிய புட்டியிலும், ஒன்றைக் குழாய்நீரிலும், ஒன்றை உப்புநீரிலும் ஒரு வாரம் வையுங்கள். எது முதலில் துருப்பிடிக்கிறது?

(2) மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 40 கிலோகிராம் எடையளவு விசை. சக்கரத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டரானால் அதன்மேல் விசை எவ்வளவு?

(3) பிரேக் திறன் 50 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரம் என்ன? உங்கள் பள்ளி வாசல் சாலையில் அந்தத் தூரத்தை அடியளந்து பாருங்கள். அதன் மறுமுனையில் ஒரு குழந்தை சாலையைக் கடப்பதாக நினைத்துக்கொண்டு அளந்தால், இத்தேர்வு ஏன் வந்தது என்பது விளங்கும்.