நீலக்கறுப்பு மையும் நீரின் சோதனையும்

எழுத்து நிலைபெறுதற்கு ஏடும் மையும் இன்றியமையாதன. ஏட்டின் தரத்தைத் தடவிப்பார்த்து அறிகின்றோம். மையின் தரத்தையோ புட்டியின்மேல் ஒட்டிய பெயரைக்கொண்டே பெரும்பாலும் துணிகின்றோம். 'நீலக்கறுப்பு' என்றால் நீருக்கு அழியாதது என்பது நம்மிற் பலரது எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதையும், நாளாந்த எழுத்துக்கேற்ற மையைத் தெரிந்துகொள்ளும் வழி யாதென்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதலிற் பெயர்க்காரணத்தை நோக்குவாம். ஐரோப்பாவிற் பன்னூறாண்டுகளாக மாசிக்காய்ச் சாற்றோடு அன்னபேதி சேர்த்து மை செய்தனர். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை காய்ச்சியதும் இம்முறையின்பாற்பட்டதே. இவ்விரு காய்களிலும் தனின் என்னும் துவர்ப்பொருள் மிகுதி. அன்னபேதி என்பது பெரசுச் சல்பேற்று. இவை கூடிய புதுக் கரைசல் வெளிறியது. தாளிற் பட்டபின் காற்றின் ஒட்சிசனால் இரும்பு பெரிக்கு நிலையை எய்த, நீரிற் கரையாத கரும்பொருள் தோன்றித் தாளின் நார்களிடையே தங்கிவிடும். எழுதும்போதே எழுத்துக் கண்ணுக்குப் புலனாதற்பொருட்டு நீலச் சாயம் சேர்க்கப்பட்டது. எழுதுகையில் நீலமாயும் நாட்செல்லக் கறுப்பாயும் தோன்றினமையின் அது நீலக்கறுப்பு மை எனப்பட்டது. ஆகவே, அப்பெயர் குறித்தது ஒரு நிறத்தையன்று, ஒரு மாற்றத்தையேயாம்.

இன்றோ அப்பெயர் பலவகை மைகளுக்கும் வழங்குகின்றது. பெலிக்கன் 4001 நீலக்கறுப்பும், ஜப்பானிய பிளாட்டினம் நிறுவனத்தின் நீலக்கறுப்பும் இரும்பு மைகள். லாமி நிறுவனத்தின் புட்டி மை முன்னர் இரும்பு மையாயிருந்து பின்னர் வெறுஞ் சாய மையாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. செயிலர் நிறுவனத்தின் 'செய்போகு' இரும்பின்றி, நீரிற் கரையாத நுண்ணிய நிறத்துணிக்கைகளால் ஆயது. எனவே, பெயரை விடுத்துச் சோதனையை நாடுதலே தக்கது.

சோதனை எளிது. நாம் நாளும் எழுதும் கொப்பித் தாளில், நாளும் எழுதும் பேனாவினால், ஒரே வாக்கியத்தை நான்கு துண்டுகளில் எழுதுக. ஒன்றை நனைக்காது ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்க. ஏனைய மூன்றனுள் ஒன்றைப் 10 நிமிடங்களிலும், அடுத்ததை 24 மணி நேரத்திலும், இறுதியானதை 7 நாள்களிலும் நீர் நிறைந்த தட்டில் அரைமணி நேரம் கிடத்தி, தேய்க்காது எடுத்து நிழலில் உலர்த்துக. இரும்பு மையாயின் நாட்சென்ற துண்டிலே நீலம் நீங்கினும் சாம்பற்கருமை எஞ்சும். துணிக்கை மையாயின் உலர்ந்தபின் பெரிதும் வேறுபாடிராது. நீர்த்தடை இல்லாத சாய மையாயின் மூன்று துண்டுகளும் ஏறக்குறைய ஒருங்கே வெளிறும். ஈண்டு நோக்கற்பாலது அழகன்று, வாசிக்க முடிதலே. நீலம் பரந்து தாள் கறைப்பட்டபோதும் சொற்கள் தெளிவாயின் அம்மை தேறியதென்க.

நீரைத் தாங்குதல் ஒன்றே போதுமா? போதாது. பெரசு நிலை குலையாதிருத்தற்பொருட்டு இரும்பு மையில் அமிலம் சேர்க்கப்படுகின்றது. தங்க முள் அதனை நன்கு தாங்கும்; தரங்குறைந்த உருக்கு முள் அரிபடலாம். மை பேனாவினுள் உலர்ந்தால் வீழ்படிவு வழியை அடைக்கும். துணிக்கை மை உலரின் அடைப்பு இன்னும் கடிது. ஆதலின் இவ்விரு மைகளையும் இடுவோர் பேனாவை நெடுநாள் வாளாது வைத்தலாகாது. மாதம் ஒருமுறையேனும் நன்னீராற் கழுவவேண்டும். ஒரு மையோடு மற்றொன்றைக் கலத்தலும் ஆகாது. தாளுக்கும் கேடுண்டு: இசைமேதை பாக் என்பாரின் கையெழுத்துப்படிகள் சில, பழைய இரும்பு மையினாலேயே அரிக்கப்பட்டன. இக்கால ஊற்றுப்பேனா மைகளில் இரும்பும் அமிலமும் குறைவாதலின் அவ்வச்சம் பெரிதன்று. இனி, இருவாரம் எழுதிப்பார்த்து, மை தடையின்றி வருகின்றதா, தாளிற் கசிந்து பரவுகின்றதா, மறுபக்கம் தோன்றுகின்றதா என்பவற்றையும் குறித்துக்கொள்க.

இஃது ஒரு சிறு பொருளெனக் கருதற்க. 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் கடற்கோளில் நம் கரையோர மக்கள் பலர் தம் ஆவணங்களை இழந்தனர். ஏட்டையே அலை கொண்டுசென்றவிடத்து மை யாது செய்யும்? ஆயின், நனைந்தும் கைக்கு மீளும் ஏட்டிலே ஒரு மாணவனின் பெயரும் பிறந்த தேதியும் எஞ்சுவதும் அழிவதும் எழுதியவர் தெரிந்த மையைப் பொறுத்தன. மாரிமழையில் நனையும் கொப்பிக்கும், கூரை ஒழுகும் அறையில் வைத்த இடாப்புக்கும் இதுவே நியாயம்.

ஆகவே, இடாப்புக்கும் ஆவணத்துக்கும் ஏழாம் நாட் சோதனையிற் தேறிய மையையே கொள்க. நாளாந்தக் குறிப்புக்கு, அவ்வாறு தேறியவற்றுள்ளும் பேனாவை எளிதிற் கழுவவிடும் மையைத் தெரிக. பேனாவைக் கழுவ நேரமில்லாதவர் சாய மையைக் கொள்ளலாம். அவர் தம் கொப்பியை மழையினின்றும் காத்துக்கொள்க.