சித்திரைக்கு முன் மேட்டைச் செதுக்கலாமா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வருசப் பிறப்புக்கு முன் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டைப் புல்லில்லாமல் மம்பட்டியால் செதுக்க வேண்டும் என்கிறார் அவர். எனக்குப் பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
- வாசகி ஒருவர், இறம்பொடை

பதில்: மேட்டு விசயத்தில் நீங்கள்தான், அம்மா. மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழையே வெறும் மண்ணைக் கரைத்துவிடும். மே கடைசியில் தென்மேல் பருவமழை வேறு பிடித்துக்கொள்ளும். புல்லைக் கத்தியால் அறுத்தால் போதும், வேர் மண்ணிலேயே கிடக்கட்டும். அறுத்த புல்லை மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடுங்கள்.

மம்பட்டி பிடித்த கை சும்மா இருக்காதுதான். அவரிடம் கான் வெட்டும் வேலையைக் கொடுங்கள். தேயிலை மலையில் வெட்டுவதுபோல, சரிவுக்குக் குறுக்காக, லேசான வாட்டத்தோடு, உள்ளே இடையிடையே மண் தடுப்பு விட்டு வெட்ட வேண்டும். தண்ணீர் தேங்கித் தேங்கிப் போகும், மண் தங்கும். தங்கிய மண்ணை அள்ளி மறுபடி பாத்தியில் போடலாம்.

பாத்தியில் நடுவதென்றால், தேயிலை விரும்பும் புளிப்பு மண் கோவாவுக்கும் போஞ்சிக்கும் ஆகாது. நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் டொலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். முதல் மழைக்குச் செடிப் போஞ்சி ஊன்றினால் பெருமழைக்கு முன் ஓரளவு பறித்துவிடலாம். போன முறை கோவா வைத்த பாத்தியில் மறுபடி கோவா வேண்டாம்.

மேட்டில் புது வெடிப்போ, திடீரென்று கலங்கல் ஊற்றோ கண்டால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு, வீட்டை விட்டு விலகிக் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.